ராக்கெட் எரிபொருள் சிந்தினால் பிளீச் ஊற்றி முறித்துவிடலாம், சரி. அப்புறம் மிஞ்சுவது என்ன?

கேள்வி இதுதான்: ஹைட்ரசீன் வகை ராக்கெட் எரிபொருள் தரையில் சிந்திவிட்டால் பிளீச் கரைசலையோ வேறு ஏதாவது ரசாயனத்தையோ ஊற்றி விஷத்தை முறிக்கிறார்கள், முறித்தபின் கிடைப்பது நைட்ரஜன், உப்பு, தண்ணீர் மட்டும்தானா, இல்லை அதிலும் விஷம் இருக்குமா?

சிந்தியது எந்த ஹைட்ரசீன் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. வெறும் ஹைட்ரசீன் என்றால் நீங்கள் சொன்னது கிட்டத்தட்ட சரி. மீதைல் குழு (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு) ஒட்டிய ஹைட்ரசீன் என்றால் பாதி சரி. இரண்டு மீதைல் ஒட்டிய யுடிஎம்எச் என்றால் பிளீச் ஊற்றுவது பல சமயம் இருக்கும் விஷத்தைக் கொடுத்து இன்னும் மோசமான ஒன்றை வாங்கிக்கொள்ளும் வேலை. பாதுகாப்புக் கையேடுகள் பலவற்றில் "ஹைட்ரசீன்கள்" என்று மூன்றையும் ஒரே வரியில் போட்டு ஒரே மருந்தை எழுதிவிடுகிறார்கள். என் பார்வையில் குழப்பத்துக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஆட்களை அடையாளம் கண்டுகொள்வோம். ஹைட்ரசீன் என்பது இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்க, ஒவ்வொன்றிலும் இரண்டு ஹைட்ரஜன் தொங்கும் எளிய மூலக்கூறு. செயற்கைக்கோள்களின் சின்ன உந்திகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான். சுமார் 2 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். நான்கு ஹைட்ரஜனில் ஒன்றை எடுத்துவிட்டு ஒரு மீதைல் குழுவை வைத்தால் மோனோமீதைல் ஹைட்ரசீன், அதாவது எம்எம்எச். அமெரிக்க விண்வெளி ஓடங்கள் சுற்றுப்பாதையில் நகர வைத்திருந்தது இது. ஒரே நைட்ரஜனில் இரண்டு மீதைலையும் வைத்தால் சமச்சீரற்ற டைமீதைல் ஹைட்ரசீன், அதாவது யுடிஎம்எச். ரஷ்யர்கள் இதை ஹெப்டில் என்பார்கள். புரோட்டான் ராக்கெட்டில் இதுதான். பிஎஸ்எல்வியின் இரண்டாம் கட்டத்தில் இருக்கும் விகாஸ் இன்ஜினுக்குப் போகும் யுஎச்25-இல் முக்கால் பங்கு யுடிஎம்எச், கால் பங்கு ஹைட்ரசீன் ஹைட்ரேட். அமெரிக்காவின் டைட்டன் ஏவுகணைகளுக்கான ஏரோசின்-50 என்ற எரிபொருளில் யுடிஎம்எச்சும் ஹைட்ரசீனும் பாதிக்குப் பாதி. இவற்றோடு சேர்ந்து எரிய நைட்ரஜன் டெட்ராக்சைடு என்ற ஆக்சிஜனேற்றி, அதாவது எரிவதற்கு ஆக்சிஜன் கொடுக்கும் பொருள். அதன் கதை தனி, பின்னால் வருகிறேன்.

சிந்தினால் ஏன் இவ்வளவு பதற்றம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். ஹைட்ரசீனின் வாடை மூக்குக்கு எட்டுவது காற்றில் 3 முதல் 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 முதல் 4 பங்கு) இருக்கும்போது. அமெரிக்கச் சட்டம் பணியிடத்தில் அனுமதிப்பது 1 பிபிஎம். தொழில்சார் சுகாதார நிபுணர்கள் பரிந்துரைப்பதோ 0.01 பிபிஎம். அதாவது மீன்வாடை, அம்மோனியா வாடை என்று உங்களுக்குத் தெரியும் நேரத்தில் வரம்பை எப்போதோ தாண்டியாகிவிட்டது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை ஹைட்ரசீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. ஆகவே சும்மா ஆவியாகட்டும் என்று விட்டுவிட முடியாது. எதையாவது செய்தே ஆக வேண்டும்.

சரி, வெறும் ஹைட்ரசீன் மேல் பிளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் போட்டால் என்ன ஆகும்? ஒரு மூலக்கூறு ஹைட்ரசீனுக்கு இரண்டு மூலக்கூறு ஹைப்போகுளோரைட். கிடைப்பது ஒரு நைட்ரஜன், இரண்டு உப்பு, இரண்டு தண்ணீர். தாளில் பார்த்தால் அழகாக இருக்கிறது. எடையில் போட்டுப் பார்த்தால் அழகு கொஞ்சம் குறையும்: 1 கிலோ ஹைட்ரசீனை முழுதாக முடிக்க சுமார் 4.6 கிலோ ஹைப்போகுளோரைட் தேவை. 5 சதவீதக் கரைசலாக என்றால் 90 கிலோவுக்கு மேல். முடிவில் மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் சாப்பாட்டு உப்பு, 700 லிட்டருக்கு மேல் நைட்ரஜன் வாயு, ஏகப்பட்ட வெப்பம். இந்த வெப்பமும் வாயுவும்தான் முதல் பிரச்சினை. குமிழ் குமிழாகக் கிளம்பும் நைட்ரஜன் இன்னும் வினைபுரியாத ஹைட்ரசீன் ஆவியையும் சேர்த்துக் காற்றுக்கு இழுத்துப் போகும். சிந்திய இடத்தைக் காப்பாற்றப் போய், பக்கத்தில் நிற்பவரின் நுரையீரலுக்கு அனுப்பியதாக ஆகும். அதனால்தான் எந்த முறையிலும் முதல் படி தண்ணீர், நிறையத் தண்ணீர். நன்றாக நீர்த்த பிறகுதான் பிளீச் பற்றிய பேச்சு. நீர்க்காத ஹைட்ரசீன் மேல் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளைத் தூவினால் தீப்பிடிக்கும். இது மிகைப்படுத்தல் இல்லை. ஹைட்ரசீன் துருப்பிடித்த இரும்பிலும் பழைய துணியிலும் பட்டாலே சூடேறிப் பற்றிக்கொள்ளக்கூடிய பொருள், அதன் மேல் வலிமையான ஆக்சிஜனேற்றியைத் தூவினால் என்ன எதிர்பார்க்க முடியும்?

இரண்டாவது பிரச்சினை அளவு. பிளீச் குறைவாகப் போட்டால் ஹைட்ரசீன் மிச்சம் இருக்கும், கூடவே அம்மோனியாவும் கொஞ்சம் இருக்கலாம். அந்த அம்மோனியா மேல் மீண்டும் பிளீச் விழுந்தால் குளோரமீன்கள், கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் வாயுக்கள். இதில் ஒரு வேடிக்கை: ஹைட்ரசீனைத் தொழிற்சாலையில் தயாரிக்கும் பழைய ராஷிக் முறையே ஹைப்போகுளோரைட்டையும் அம்மோனியாவையும் சேர்ப்பதுதான். முதலில் குளோரமீன் உண்டாகும், அது இன்னொரு அம்மோனியாவோடு சேர்ந்து ஹைட்ரசீன் ஆகும். அதாவது எதை வைத்துச் செய்தார்களோ அதையே வைத்து அழிக்கிறார்கள். எது எவ்வளவு, எந்த வரிசையில் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிளீச்சை அதிகமாகப் போட்டுவிட்டால் அந்த மிச்சக் குளோரின் வடிகாலில் இருக்கும் கரிமக் குப்பையோடு சேர்ந்து குளோரோஃபார்ம் போன்றவற்றை உண்டாக்கும். ஆனாலும் இதெல்லாம் சமாளிக்கக்கூடிய விஷயம். வெறும் ஹைட்ரசீனுக்கு இன்னும் சுத்தமான வழியும் இருக்கிறது: சிறிதளவு செம்பு உப்பை ஊக்கியாகப் போட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் நைட்ரஜனும் தண்ணீரும்தான், உப்புகூடக் கிடையாது.

எம்எம்எச்சில் கதை மாறத் தொடங்குகிறது. ஆக்சிஜனேற்றம் அடையும்போது இரண்டு நைட்ரஜனும் சேர்ந்து வாயுவாகக் கிளம்பிப்போக, மீதைல் குழு மட்டும் அநாதையாக நிற்கும். அது தண்ணீரோடு சேர்ந்தால் மெத்தனால், ஹைட்ரஜனோடு சேர்ந்தால் மீத்தேன். சுற்றிலும் குளோரின் நிறைய இருந்தால் குளோரோமீத்தேன், டைகுளோரோமீத்தேன், குளோரோஃபார்ம் என்று வரிசையாக. அளவு சிறியதுதான், ஆனால் இவை ஆவியாகிக் காற்றுக்கும் போகும், கரைந்து நிலத்தடி நீருக்கும் போகும். எம்எம்எச் கழிவுக்குப் பிளீச் பயன்படுத்திவிட்டு அந்த நீரை "உப்புத் தண்ணீர்" என்று சாக்கடையில் விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது யுடிஎம்எச். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வெறும் ஹைட்ரசீனில் ஹைட்ரஜன்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் கடைசியில் இரண்டு நைட்ரஜன்களும் மூன்று பிணைப்புகளால் கட்டிக்கொண்டு நைட்ரஜன் வாயுவாகிவிடும். உலகத்திலேயே மிக நிலையான மூலக்கூறுகளில் ஒன்று, அதனால் வினை அந்தப் பக்கமே ஓடும். யுடிஎம்எச்சில் ஒரு நைட்ரஜனின் இரண்டு கைகளையும் மீதைல் பிடித்திருக்கிறது. ஆக்சிஜனேற்றியால் அதை எளிதில் கழற்ற முடியாது. அது தாக்குவது மறுமுனையில் இருக்கும் நைட்ரஜனை. அங்கிருந்து இரண்டு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு அந்த இடத்தில் ஒரு ஆக்சிஜனை வைத்துவிட்டால் கிடைப்பது என்-நைட்ரோசோடைமீதைல்அமீன், சுருக்கமாக என்டிஎம்ஏ. நைட்ரஜன்-நைட்ரஜன் பிணைப்பு அப்படியே இருக்கிறது. விஷம் முறியவில்லை, வேறு உடை போட்டுக்கொண்டது. ஆய்வகங்களில் விலங்குகளுக்குக் கல்லீரல் புற்றுநோயை வரவழைக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் பொருள் என்டிஎம்ஏ. சர்வதேச முகமையின் பட்டியலில் யுடிஎம்எச் 2பி, என்டிஎம்ஏ அதைவிட ஒரு படி மேலே 2ஏ.

இது ஹைப்போகுளோரைட்டுக்கு மட்டும் உள்ள குற்றம் என்று நினைக்க வேண்டாம். பொட்டாசியம் பெர்மாங்கனேட், அயோடேட், செம்பு ஊக்கியோடு பெராக்சைடு, ஏன், வெறும் காற்றுகூட யுடிஎம்எச்சிலிருந்து என்டிஎம்ஏவை உண்டாக்கும். ஓசோன்தான் இதில் மன்னன். யுடிஎம்எச் கலந்த நீரில் ஓசோன் செலுத்தினால் யுடிஎம்எச்சின் பெரும்பங்கு என்டிஎம்ஏவாகவே மாறிவிடும். கூடவே ஃபார்மால்டிஹைடு டைமீதைல்ஹைட்ரசோன், டெட்ராமீதைல்டெட்ரசீன், டைமீதைல்அமீன், ஃபார்மால்டிஹைடு, நைட்ரைட் என்று ஒரு கூட்டமே வரும்.

அதைவிட சுவாரசியமான விஷயம் ஒன்று. யுடிஎம்எச்சை முன்பு எப்படித் தயாரித்தார்கள் தெரியுமா? டைமீதைல்அமீனை நைட்ரைட்டோடு சேர்த்து என்டிஎம்ஏ செய்து, பிறகு அதைத் துத்தநாகம் போன்றவற்றால் ஒடுக்கி (ஆக்சிஜனேற்றத்துக்கு நேர் எதிரான வினை) யுடிஎம்எச் எடுத்தார்கள். அப்படித் தயாரித்த ஆலை ஒன்று இருந்த பால்டிமோர் நகரின் காற்றில் 1975-இல் என்டிஎம்ஏ கண்டுபிடிக்கப்பட்டுப் பெரிய சர்ச்சையானது. எனவே இந்த எரிபொருளுக்கு என்டிஎம்ஏ தாயும் ஆகும், பிள்ளையும் ஆகும். ஒடுக்கினால் யுடிஎம்எச், ஆக்சிஜனேற்றினால் மறுபடி என்டிஎம்ஏ. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் பிளீச் ஊற்றினால் போதும் என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

"ஒரு சதவீதம்தானே மாறும், அதுக்கென்ன" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 கிலோ யுடிஎம்எச்சில் ஒரு சதவீதம் மட்டும் என்டிஎம்ஏவாக மாறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு எடைகளை வைத்துப் பார்த்தால் சுமார் 12 கிராம். கலிஃபோர்னியாவில் குடிநீரில் என்டிஎம்ஏ ஒரு லிட்டருக்கு 10 நானோகிராமைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும் என்பது விதி. அங்கே பொதுச் சுகாதார இலக்கு 3 நானோகிராம். அந்த 12 கிராமை 10 நானோகிராம் அளவுக்கு நீர்க்கச் செய்ய 120 கோடி லிட்டர் தண்ணீர் வேண்டும். 1 கிலோ சிந்தலுக்கு, அதில் ஒரு சதவீதத்துக்கு. ராக்கெட்டுகளில் இது டன் கணக்கில் போகிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

என்டிஎம்ஏவின் குணங்களும் நமக்கு எதிராகவே இருக்கின்றன. தண்ணீரில் எந்த விகிதத்திலும் கலக்கும். மண்ணில் ஒட்டாது, அதனால் மழைநீரோடு சேர்ந்து நேராகக் கீழே இறங்கும். கரித்தூள் வடிகட்டியில் சரியாகப் பிடிபடாது. ஆவியாக்கித் துரத்தலாம் என்றால் கொதிநிலை 150 டிகிரிக்கு மேல், நீரை விட்டு எளிதில் கிளம்பாது. அதற்கு இருக்கும் ஒரே பலவீனம் வெளிச்சம்: புற ஊதாக் கதிர் பட்டால் உடையும். ஆழமில்லாத குட்டையில் நல்ல வெயிலில் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடும். நிலத்தடிக்கு இறங்கிவிட்டால் வெயில் எங்கே வரும்? வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. கொலராடோ மாநிலத்தில் டென்வரை ஒட்டி இருந்த ராக்கி மவுண்டன் ஆர்சனல் என்ற ராணுவ வளாகத்தில் 1960களின் தொடக்கத்திலிருந்து 1982 வரை ஏரோசின்-50 கலந்து சேமிக்கும் வசதி இயங்கியது. அங்கே என்டிஎம்ஏ தெரியவந்த பிறகுதான் அந்த வேலையே நின்றது. தொட்டிகளில் தேங்கிய கழிவுநீரை என்ன செய்வது என்பதே தனிப் பெரிய திட்டமாகிப் புற ஊதா ஒளியும் ரசாயன ஆக்சிஜனேற்றமும் சேர்ந்த முறைக்குப் போக வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவில் ராஞ்சோ கார்டோவா பக்கம் ராக்கெட் இன்ஜின் சோதனை நடந்த இடத்தைச் சுற்றிக் குடிநீர்க் கிணறுகளில் 1998-இல் என்டிஎம்ஏ தெரிந்தது. கிணறுகளை மூட வேண்டியதாயிற்று. இங்கெல்லாம் சிந்தியது ஒரே நாளில் ஒரே விபத்தில் இல்லை. பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி விட்டது.

ஒரு சின்ன விலகல். என்டிஎம்ஏ என்ற பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால், 2018-இல் வால்சார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரையிலும், அடுத்த வருடம் வயிற்று எரிச்சலுக்கான ரானிடிடினிலும் அகப்பட்டது இதே பொருள்தான். 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ரானிடிடின் முழுவதையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. மருந்தில் ஒரு நாளைக்கு அவர்கள் ஏற்கும் அளவு 96 நானோகிராம். வால்சார்டனில் அது வந்த வழியும் நம் விஷயத்துக்குத் தொடர்புள்ளது: டைமீதைல்அமீன், நைட்ரைட், கொஞ்சம் அமிலம். இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள், ஆக்சிஜனேற்றி சிந்துவதைப் பேசும்போது திரும்பி வரும்.

அதற்கு முன் மண்ணைப் பற்றி. கஜகஸ்தானில் புரோட்டான் ராக்கெட்டின் முதல் கட்டங்கள் விழும் புல்வெளிகளில் பல ஆண்டுகளாக மண் மாதிரி எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 2007 செப்டம்பரில் ஜெஸ்கஸ்கான் அருகிலும் 2013 ஜூலை 2 அன்று பைக்கானூர் ஏவுதளத்திலேயும் புரோட்டான் விழுந்தபோது தனியாகச் சுத்திகரிப்பு வேலையும் நடந்தது. மண்ணில் விழுந்த யுடிஎம்எச் ஒரே பொருளாக நிற்பதில்லை. டைமீதைல்ஃபார்மமைடு, பலவகை ஹைட்ரசோன்கள், என்டிஎம்ஏ, 1-மீதைல்-1,2,4-ட்ரையசோல் என்று டஜன் கணக்கில் பிரிகிறது. கடைசியாகச் சொன்ன ட்ரையசோல்தான் அதிக நாள் தாக்குப்பிடிக்கும். யுடிஎம்எச் இருக்கிறதா என்று மட்டும் தேடினால் சில வருடத்தில் "இல்லை" என்று பதில் வந்துவிடும், மண்ணோ இன்னும் சுத்தமாகியிருக்காது. இப்படிப்பட்ட மண்ணில் பெர்மாங்கனேட்டைக் கரைத்து ஊற்றினால் மாங்கனீஸ் டைஆக்சைடு கறுப்பாகப் படியும். அது பெரிய தொல்லை இல்லை. ஆனால் பாதியில் நின்றுபோன ஆக்சிஜனேற்றம், தொடாமல் விட்டதைவிட நல்லது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

சரி, ஆக்சிஜனேற்றம் வேண்டாம், அமிலம் போட்டுச் சமன் செய்யலாமே என்பது அடுத்த யோசனை. ஹைட்ரசீன்கள் எல்லாம் காரத்தன்மை கொண்டவைதானே. உண்மையில் விண்வெளி ஓடக் காலத்தில் ஃபுளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்தில் எரிபொருள் ஆவியைப் பிடிக்கும் கோபுரங்களில் சிட்ரிக் அமிலக் கரைசலைத்தான் ஓட்டினார்கள். ஆவி காற்றுக்குப் போகாமல் பிடிக்க இது அருமையான வழி, என்டிஎம்ஏ தொல்லையும் இல்லை. ஆனால் ஹைட்ரசீன் அழியவில்லை. சிட்ரேட் உப்பாக உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கரைசல் மேல் யாராவது காரம் ஊற்றினால் ஹைட்ரசீன் மறுபடி எழுந்து வந்துவிடும். ஆகவே அந்தத் தொட்டித் தண்ணீர் அபாயக் கழிவுதான், அப்படியேதான் அனுப்ப வேண்டும், பெரும்பாலும் எரியுலைக்கு.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்று ஆல்ஃபா-கீட்டோகுளூட்டாரிக் அமிலம். நம் உடலின் செல்களிலேயே இருக்கும் சாதாரணப் பொருள். ஹைட்ரசீன் இதன் கீட்டோன் முனையைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் தன் இன்னொரு கையால் அமில முனையையும் பிடித்து வளையமாகப் பூட்டிக்கொள்ளும். அந்த வளையம் நிலையானது, எளிதில் திரும்பப் பிரியாது. எம்எம்எச்சுக்கும் இது வேலை செய்யும். யுடிஎம்எச்சுக்குச் செய்யாது, ஏனென்றால் வளையத்தை மூட வேண்டிய நைட்ரஜனின் கைகளில் மீதைல் உட்கார்ந்திருக்கிறது. அசிட்டோன் போட்டாலும் ஹைட்ரசோன், அசைன் என்று கிடைக்கும்; ஆனால் அவை தண்ணீரும் அமிலமும் பட்டால் திரும்ப ஹைட்ரசீனாகிவிடும், நம்ப முடியாது.

யுடிஎம்எச்சை நிஜமாகவே முடிக்க வேண்டுமானால் அந்த நைட்ரஜன்-நைட்ரஜன் பிணைப்பையே வெட்ட வேண்டும். ஆய்வக அளவில் இதற்கு நல்ல வழி ஒடுக்கம். காரக் கரைசலில் நிக்கல்-அலுமினியக் கலவைத் தூளைப் போட்டால் ஹைட்ரஜன் கிளம்பி அந்தப் பிணைப்பை அறுத்துவிடும். மிஞ்சுவது டைமீதைல்அமீனும் அம்மோனியாவும். இரண்டும் நாற்றம் பிடித்தவை, எரிச்சல் தருபவை, ஆனால் நானோகிராம் கணக்கில் பயப்பட வேண்டியவை இல்லை. ஏற்கெனவே உருவான என்டிஎம்ஏவையும் இதே முறை உடைக்கும் என்பது கூடுதல் லாபம். ஆனால் ஹைட்ரஜன் வாயு வரும், சூடாகும், செலவு அதிகம், பயன்படுத்திய நிக்கல் தூள் உலர்ந்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஒரு புட்டி கழிவுக்குச் சரி, ஏவுதளம் முழுக்கச் சிந்தியதற்குச் சரிப்படாது. பெரிய அளவுக்கு இன்றைக்கும் நம்பத்தகுந்தது நன்றாக நீர்த்து, மண்ணில் இறங்காமல் தேக்கி, சேகரித்து, உயர்வெப்ப எரியுலையில் எரிப்பதுதான். எரித்தாலும் நைட்ரஜன் ஆக்சைடுகள் வரும், ஆனால் அதைப் புகைபோக்கியிலேயே பிடிக்கத் தெரியும்.

இனி ஆக்சிஜனேற்றி. நைட்ரஜன் டெட்ராக்சைடு 21 டிகிரியில் கொதிக்கும், அதனால் வெயில் நாளில் சிந்தினால் குட்டையாகத் தேங்காது, செம்பழுப்புப் புகையாக எழும். 1975-இல் அப்பல்லோ-சோயூஸ் பயணம் முடிந்து இறங்கும்போது இந்தப் புகை கலத்துக்குள் புகுந்து மூன்று அமெரிக்க வீரர்களும் ஹவாயில் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. 1978 ஆகஸ்டில் கான்சஸ் மாநிலத்தில் டைட்டன் ஏவுகணைக் கிடங்கு ஒன்றில் இது கசிந்து இரண்டு விமானப்படை வீரர்கள் இறந்தார்கள். இதன் கொடுமை, மூச்சில் போன பிறகு சில மணி நேரம் ஒன்றும் தெரியாது, அப்புறம் நுரையீரலில் நீர் கோக்கும்.

இதன் மேல் தண்ணீர் பட்டால் நைட்ரிக் அமிலமும் நைட்ரஸ் அமிலமும் பாதிக்குப் பாதி வரும். நைட்ரஸ் அமிலம் நிலையில்லாதது. உடைந்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவைக் கக்கும், அது காற்றில் பட்டதும் மறுபடி பழுப்புப் புகை. அதனால் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் புகை அதிகமாகும், ஊற்றுவதென்றால் பெருவெள்ளமாக ஊற்ற வேண்டும். பிறகு சோடா உப்போ காரமோ போட்டுச் சமன் செய்தால் 1 கிலோவுக்குச் சுமார் 920 கிராம் சோடியம் நைட்ரேட்டும் 750 கிராம் சோடியம் நைட்ரைட்டும் மிஞ்சும். நைட்ரேட் உரம் மாதிரிதான், குடிநீரில் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை ஏற்கிறது. நைட்ரைட்டுக்கு அதே நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 3 மில்லிகிராம்தான், அது ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றிச் செல்வதையே கெடுக்கும்.

இதற்கு கென்னடி மையத்தில் கண்டுபிடித்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. பழைய முறையில் ஆக்சிஜனேற்றிப் புகையைப் பிடிக்கும் கோபுரத்தில் அடர்ந்த சோடியம் ஹைட்ராக்சைடு ஓடும், வெளியே வருவது நைட்ரைட் கலந்த காரக் கழிவு. அதற்குப் பதில் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடை ஓடவிட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடை அளவாகச் சேர்த்துக் கார அமிலச் சமநிலையைக் காத்தார்கள். பெராக்சைடு நைட்ரைட்டு எல்லாவற்றையும் நைட்ரேட்டாக்கிவிடும், பொட்டாசியம் அதோடு சேர்ந்துகொள்ளும். கழிவாக வர வேண்டியது பொட்டாசியம் நைட்ரேட் உரக் கரைசலாக வந்தது. 1 கிலோ ஆக்சிஜனேற்றி முழுதும் இப்படி மாறினால் 2.2 கிலோ உரம். யுடிஎம்எச்சில் துரோகம் செய்த அதே பெராக்சைடு இங்கே உத்தமன்.

இப்போது அந்த மூன்று பொருளுக்கு வருவோம்: டைமீதைல்அமீன், நைட்ரைட், அமிலம். யுடிஎம்எச் சிந்தலைக் கழுவிய தண்ணீரில் டைமீதைல்அமீன் இருக்கும். ஆக்சிஜனேற்றிச் சிந்தலைக் கழுவிய தண்ணீரில் நைட்ரைட்டும் அமிலமும் இருக்கும். இரண்டையும் ஒரே வடிகால் தொட்டிக்கு விட்டால் அந்தத் தொட்டியே என்டிஎம்ஏ தயாரிக்கும் பாத்திரமாகிவிடும். எரிபொருள் வடிகாலும் ஆக்சிஜனேற்றி வடிகாலும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று ஏவுதளங்களில் கண்டிப்பாகச் சொல்வதற்குத் தீ விபத்துதான் முதல் காரணம், இரண்டும் தொட்ட மாத்திரத்தில் எரியும். நன்றாக நீர்த்துவிட்டால் தீ பயம் போய்விடும், அதனால் நீர்த்த பிறகு கலக்கலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். என்டிஎம்ஏ உருவாகும் இந்த வினைக்கோ நீர்த்தால் வேகம் குறையும், அவ்வளவுதான்.

கடைசியாக, முறித்த பிறகு எப்படிச் சோதிப்பது என்று. களத்தில் வழக்கமாகப் பயன்படுத்துவது பாரா-டைமீதைல்அமினோபென்சால்டிஹைடு சேர்த்து மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பது. நிறம் வராவிட்டால் ஹைட்ரசீன் இல்லை என்று எழுதிவிடுவார்கள். வெறும் ஹைட்ரசீன் சிந்தியிருந்தால் அது கிட்டத்தட்ட போதும், கூடவே மிச்சக் குளோரினையும் அம்மோனியாவையும் பார்த்துவிட்டால் சரி. எம்எம்எச் என்றால் குளோரோஃபார்ம் வகையறாவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். யுடிஎம்எச் என்றால் அந்த மஞ்சள் நிறச் சோதனை என்டிஎம்ஏவைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. நானோகிராம் அளவு வரை பார்க்கக்கூடிய வாயு நிறப்பிரிகை, நிறை நிறமாலைக் கருவி உள்ள ஆய்வகத்துக்கு மாதிரியை அனுப்ப வேண்டும். அனுப்பும்போது பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில் அனுப்புங்கள், வெள்ளைப் புட்டியில் வெளிச்சம் பட்டால் வழியிலேயே என்டிஎம்ஏ குறைந்து, மண்ணில் இருப்பதைவிடக் கம்மியான எண் கைக்கு வரும்.